ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு

விதைநெல் மூட்டைக்குள் இருந்த ஒரு லட்சம் ரூபாயை எடுத்தவன் நான். இராமையா அல்ல. நான் எடுத்தேன், நான் தோற்றேன். பிறகு அந்தக் களவுக்காக இராமையாவை நானே அடித்தேன்... அவருடைய இடது காது செவிடாகும்வரை அடித்தேன்.

எங்கள் ஊரான அக்கராயனில் இது எவருக்கும் தெரியாது. என் மனைவி சுகந்திக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர், வீதியில் கண்டாலும் என் முகத்தில் காறித் துப்ப உங்களால் முடியாது. அந்தத் துணிவில்தான் சொல்கிறேன்.

சூதாடி என்று நான் என்னை ஒருபோதும் நினைத்ததில்லை. சூதாடி கண்ணை மூடிக்கொண்டு காசை எறிபவன். என்னிடமோ ஒரு முறை இருந்தது! கைபேசியில் சுழலும், சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் கொண்ட ரூலெட் சக்கரத்தில் எப்போதும் சிவப்பில் மட்டுமே கட்டுவேன். முதலில் ஐந்நூறு. தோற்றால் ஆயிரம். மறுபடி தோற்றால் இரண்டாயிரம், நாலாயிரம், எட்டாயிரம்... என்றாவது ஒருமுறை சிவப்பு விழத்தானே வேண்டும்? விழுந்த கணத்தில் இழந்ததெல்லாம் திரும்பிவிடும். மேலே ஐந்நூறு ரூபாய் இலாபம்.

அதற்கு ஒரு வரம்பும் வைத்திருந்தேன். நாங்கள் கமக்காரர். விளைந்த நெல்லை விற்க, உண்ண, விதைக்க என்று மூன்றாகப் பிரிப்போம். வயிறு காய்ந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டோம். ஆட்டக் காசையும் நான் அப்படியே பிரித்தேன். அடுத்தடுத்து ஆறு தோல்விகளைத் தாங்க முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய். அது போனால் எழும்பிவிட வேண்டும். விதைப்புக்கு வைத்த காசைத் தொடவே கூடாது.

அந்தக் காசு விதைநெல் மூட்டைக்குள்தான் இருந்தது. உழவுக்கும் உரத்துக்குமாக, சுகந்தி தன் இரண்டு மாடுகளை விற்றுச் சேர்த்த காசு. விதைநெல்லை எவரும் தொட மாட்டார் என்பதால் எங்கள் வீட்டில் அதுதான் பெட்டகம்.

ஆறு முறையும் கறுப்பு விழுந்தது.

நான் எழும்பியிருக்க வேண்டும். ஏன் எழும்பவில்லை? மழை பெய்யாத ஒவ்வொரு நாளும் மழையை ஒரு நாள் கிட்டக் கொண்டுவருகிறது என்று நம்பியே வளர்ந்தவன் நான். ஆறு கறுப்பு விழுந்தால் சிவப்பு வாசலுக்கு வந்துவிட்டது என்றுதானே என் புத்திக்குப் படும்? சக்கரத்துக்கு மாரியும் இல்லை, கோடையும் இல்லை. அதற்கு நேற்று என்பதே இல்லை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை சுகந்தி கோயிலுக்குப் போனதும் மூட்டையின் தையலைப் பிரித்தேன். காசை எடுத்தேன். அதே நூலால், அதே துளைகளில் திரும்பவும் தைத்தேன். கிளிநொச்சிக்குப் போய் வங்கி இயந்திரத்தில் காசை வைப்பிலிட்டேன். வரும் வழியில் வாய்க்கால் மதகில் குந்தியிருந்து முப்பத்திரண்டாயிரம் கட்டினேன். கறுப்பு. அறுபத்து நாலாயிரம் கட்டினேன். பந்து துள்ளித் துள்ளிப் பூச்சியத்தில் போய் விழுந்தது. பூச்சியம் பச்சை நிறம். சிவப்புமில்லை, கறுப்புமில்லை.

அந்த அறுபத்து நாலாயிரமும் எதற்காக என்று எண்ணிப் பாருங்கள். வென்றிருந்தால் என் இலாபம் ஐந்நூறு ரூபாய்! எஞ்சிய நாலாயிரத்தையும் வீடு வந்து சேருமுன் தொலைத்தேன்.

பத்து நாள் கழித்து, மாரி மழையோடு தொடங்கும் காலபோக விதைப்பு. சுகந்தி மூட்டையைப் பிரித்தாள். நெல்லுக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். பிறகு மூட்டையை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டினாள்.

"இதைத் தூக்கி அடுக்கினது ஆர்?" என்று கேட்டாள்.

"இராமையா" என்றேன்.

அவள் கேட்டதற்கு அது உண்மையான பதில்தான். மூட்டைகளை அடுக்கியவர் அவரே. நான் அந்தப் பதிலை அங்கேயே விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மற்றதை அது தானே செய்தது.

இராமையா எங்கள் வயலில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூலிக்கு நிற்பவர். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்கு ஓடிவந்த குடும்பம். என்னைவிட மூத்தவர். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் 'நீ'தான். அன்று தோளில் விதைப்பெட்டியோடு படலையைத் திறந்து வந்தார்.

"காசு எங்கை?" என்றேன்.

"எந்தக் காசுங்க ஐயா?"

ஒரு அறை விட்டேன்.

அந்த ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் இல்லையென்றார். இல்லையென்று அவர் சொல்லி நான் நிறுத்திவிட்டால் அந்த முதல் அறை எனக்கு நட்டம். பிறகு பார்வை என் பக்கம் அல்லவா திரும்பும்? ஆகவே இரண்டு அடித்தேன். "நான் எடுக்கலைங்க" என்றார். நான்கு அடித்தேன். மண்வெட்டிப் பிடியை எடுத்தேன். எட்டு... என் முறை எனக்குத் தெரியும். தோற்றால் இரட்டிப்பு! 'எடுத்தேன்' என்று அவர் வாயிலிருந்து ஒரேயொரு சொல் வந்துவிட்டால் போதும், எல்லாம் நேராகிவிடும். அந்தச் சொல்தான் எனக்குச் சிவப்பு.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அடுத்த வளவுக் கனகலிங்கம் கயிறோடு வந்தான். "தோட்டக்காட்டானை வீட்டுக்குள்ள விட்டா இதுதான்" என்று சொல்லி அவரை இடுப்பில் சுற்றி வேப்பமரத்தோடு கட்டினான். ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தடுக்க நீட்டிய கையில் இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இடது காதிலிருந்து இரத்தம் கழுத்தால் இறங்கிச் சட்டையில் ஊறியது. முற்றத்தில் சிந்திக் கிடந்த விதைநெல்லிலும் தெறித்தது. சுகந்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"காணும், விடுங்கோ. ஆள் செத்துப்போகப் போகுது."

அவளை உதறிவிட்டுப் பிடியை மறுபடி ஓங்கினேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"எடுத்தேங்க... நான்தாங்க எடுத்தேன்."

அந்தக் கணத்தில் எனக்குள் என்ன எழுந்தது தெரியுமா? வெட்கம் என்று நினைப்பீர்கள். இல்லை... வென்றுவிட்டேன் என்ற களிப்பு! சிவப்பு விழுந்துவிட்டது! அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒரு நொடி, ஒரேயொரு நொடி, காசை அவர்தான் எடுத்தார் என்று நானே நம்பினேன்.

காவல்துறைக்குப் போக வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசித் தீர்த்தார்கள். அவருடைய கொட்டில் நின்ற காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை. வழக்கென்று போனால் இருக்கிற இடமும் பறிபோய்விடும் என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாதிக் கூலியைக் கழித்துக் கழித்துக் கடனை அடைப்பதென்று முடிவாயிற்று. வேலைக்கு வந்தார். வளைந்து பொருந்திய விரல்களோடு என் வயலில் விதைத்தார். முன்பெல்லாம் அவர் வீசிய நெல் வயல் முழுக்கச் சீராக முளைக்கும். அந்தக் காலபோகத்தில் பயிர் திட்டுத் திட்டாக நின்றது.

கழித்த அந்தப் பாதிக் கூலியை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஐந்நூறு ஐந்நூறாகச் சிவப்பில் கட்டினேன். ஆம்... அதையும் செய்தேன்.

கடன் தீர்ந்த நாளில் அவர் படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

"கணக்கு முடிஞ்சிருச்சுங்களா ஐயா?"

"ஓம், முடிஞ்சுது."

"அப்ப ஒண்ணு சொல்றேங்க. அன்னைக்கு அடி தாங்காமத்தான் ஒத்துக்கிட்டேன். நான் எடுக்கலைங்க. கடன் இருக்கிறப்ப சொன்னா, தப்பிக்கப் பார்க்கிறேன்னு நினைப்பீங்க. அதான் இப்ப சொல்றேன்."

சுகந்தி விறாந்தையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரி, விடு இராமையா. நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். எனக்கு நல்ல மனம் என்று சுகந்தி அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைபேசியில் இருந்த அந்த ஆட்டத்தை அழித்துவிட்டேன். அழித்து என்ன? இராமையா இன்றும் என் வயலுக்குத்தான் வருகிறார்.

போன கிழமை இருவரும் வாய்க்கால் வரம்பால் நடந்துகொண்டிருந்தோம். அவர் வலப்புறம், நான் இடப்புறம். வயல்வெளியில் வேறு ஒருவருமில்லை. வாயைத் திறந்தேன்.

"இராமையா, அந்தக் காசை நான்தான் எடுத்தனான்" என்றேன்.

முழுதாக, தெளிவாகச் சொன்னேன். அவர் முன்னே பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார். நாலு அடி போனபின் என் வாய் அசைந்ததைக் கடைக்கண்ணால் கண்டிருக்க வேண்டும், நின்று திரும்பினார்.

"ஐயா ஏதும் சொன்னீங்களா?"

"ஒண்டுமில்லை. தண்ணியைத் திற" என்றேன்.

தற்செயலாகவா அவருடைய இடப்புறம் நடந்தேன்? இல்லை. வீட்டிலிருந்து புறப்படும்போதே அந்தப் பக்கத்தைத் தேர்ந்துகொண்டேன். அவருடைய வலது காது நன்றாகக் கேட்கும். அந்தப் பக்கம் போக எனக்கு இன்னும் கால் எழவில்லை.