ஒரே எழுத்துப் பெயர்கள்

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்தேன். எனக்கு எவரையும் எளிதில் நம்ப வராது. அந்தக் காலத்தில் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. ஒரு காலை கணினியைத் திறந்தால், மாணவர் பதிவில் ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்கும் பெயர்கள் மட்டும் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள்.

உரிமையாளரின் முகம் கறுத்தது. எங்களிடம் படித்த அவருடைய மகளும் 'டி'க்காரிதான். முதல்நாள் கடைசியாகக் கணினியில் இருந்தவள் தட்டச்சுக்காரப் பெண். குருநகர்க் கடற்றொழில் குடும்பம். இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

"ஒரே எழுத்துப் பேருகள் தானா அழியுமோ? என்ரை மகளிலை உனக்கென்ன கோவம், பிள்ளை?"

"நான் ஒண்டும் செய்யேல்லை, சேர். வகுப்பை விட்டு நிண்ட பொடியன்ரை பேரை மட்டுந்தான் பதிவாலை எடுத்தனான்."

"நாளையிலையிருந்து வரவேண்டாம்."

அவள்மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்தப் புரோகிராமை எழுதியவர் உரிமையாளர். அவர்மேல் எனக்கு அதைவிடக் கூடுதலான சந்தேகம். திறந்து பார்த்தேன். நாம் அடிக்கும் பெயரை இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவே அப்படியே செருகி, 'இப்படித் தொடங்கும் பெயர்களை நீக்கு' என்று ஒரு கட்டளையைக் கட்டி, அந்தக் கணமே கணினியிடம் கொடுத்து ஓடவிடுகிறது. வகுப்பை விட்டு நின்ற பொடியனுக்கோ போர்த்துக்கேயக் குடும்பப் பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதினால் 'டி'க்கு அடுத்ததாகவே அதே மேற்கோள் குறி வரும். பெயர் அந்த இடத்தோடு முடிந்துவிட்டதென்று கணினி எடுத்துக்கொண்டது. மீதி எழுத்துகளைக் கவனியாமல், 'டி'யில் தொடங்கிய அத்தனை பேரையும் துடைத்துவிட்டது. இதற்குள் அந்தத் தட்டச்சுக்காரப் பிள்ளையின் கோபம் எங்கே வந்தது? எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது.

பிளொப்பித் தட்டில் இருந்த பிரதியால் பதிவுகளை மீட்டுவிட்டு உரிமையாளரைக் கூப்பிட்டேன். அவள் கைப்பையும் கையுமாகக் கதவடியில் நின்றாள்.

"சேர், நீங்களே அந்தப் பொடியன்ரை பேரை அடிச்சு எடுத்துப் பாருங்கோ" என்றேன்.

ஒற்றை விரலால் அடித்தார். பிறகு மகளின் பெயரைத் தேடினார். இல்லை. இப்போதாவது அவள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். என் பக்கம்தான் திரும்பினார்.

"மாஸ்டர், உந்த மெஷினிலை நீர் எவ்வளவு நேரம் தனிய இருந்தனீர்?"

அவளுக்கும் எனக்கும் அன்றோடு வேலை போயிற்று. புரோகிராமை அவர் திருத்தவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.