போதும் டாக்டரும் பதினொரு உதடுகளும்

என் அண்ணன் மனைவியைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. போதும் டாக்டர் என்றால்தான் வழி காட்டுவார்கள். முகத்துக்கு ஃபில்லர் போடும் டாக்டர். ஒட்டிப்போன கன்னத்திலும் மெலிந்துபோன உதட்டிலும் ஊசியால் ஜெல் வைத்து, விட்டுப்போன சதையைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. ஒன்பது வருடமாக ஒரே கிளினிக். அதே கிளினிக்கின் முன்மேஜையில் போன் எடுப்பதும், ஃபைல் எடுத்து வைப்பதும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுப்பதும் என் வேலை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தால் ஒரு மாதம் தாங்காது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் நினைப்பில் மண் விழுந்து ஏழு வருடமாகிறது.

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் கேட்பார்கள்: வந்தது வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் போடக் கூடாதா? அண்ணி கையுறையைக் கழற்றிக்கொண்டே "போதும்" என்பார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

அவரிடம் நடிகை படத்தைக் கொண்டுவந்து காட்டினால் பார்க்க மாட்டார். பத்து வருடத்துக்கு முந்தைய உங்கள் சொந்தப் படம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிடுவார். படுக்க வைத்து ஊசி போட மாட்டார். படுத்தால் கன்னம் காதுப் பக்கம் ஓடிவிடும், எழுந்தால் வேறு முகம் என்பார். நிமிர்ந்து உட்கார வைத்து, வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்து, அவர்களைப் பேச விடுவார், சிரிக்க விடுவார், டம்ளரில் தண்ணீர் குடிக்க விடுவார். உதடு எப்படிக் குவிகிறது, எப்படி விரிகிறது என்று பார்த்த பிறகுதான் ஊசி. முதல் நாள் பாதி. வீக்கம் வடிந்து இரண்டு வாரம் கழித்து வந்தால், தேவைப்பட்டால், மீதி. பாதிப் பேருக்குத் தேவைப்படாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல வேலை வெளியே தெரியாது. "நல்லாத் தூங்கினியா?" என்று யாராவது கேட்டால் அதுதான் அண்ணிக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பாராட்டு. கிளினிக் முதலாளிக்கு இது ஆகவே ஆகாது. அவர் டாக்டர் இல்லை, முன்பு டைல்ஸ் கடை வைத்திருந்தவர். நாங்கள் அவரை டைல்ஸ் என்றுதான் சொல்வோம், அவர் இல்லாதபோது. தரையையும் முகத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பவர். கோடு தெரியக் கூடாது, பளபளப்புத் தெரிய வேண்டும். நான் எடுத்த போட்டோக்களைச் சுவரில் மாட்டப் பார்த்துவிட்டு, எது முன், எது பின் என்று எனக்கே தெரியலையே என்று தலையில் கை வைத்தார். அதற்காகவே இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு டாக்டரை வேலைக்கு வைத்தார். சின்ன டாக்டர் தாராளப் பிரபு. அவர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களை முன்னும் பின்னும் பிரித்துச் சொல்லக் கண்ணாடி தேவையில்லை.

வீட்டில் வேறு கச்சேரி. கடவுள் கொடுத்த முகத்தில் கை வைக்கலாமா என்று எங்கள் அம்மா வாரம் ஒரு முறை கேட்பாள், அதுவும் பொய்ப்பல் செட்டை மாட்டிக்கொண்டு. அண்ணி மாமியாரிடம் மரியாதை தப்பாமல் சண்டை போடுவதில் கெட்டிக்காரி. தலைக்குச் சாயம் பூசலாம், பல்லுக்குக் கம்பி கட்டலாம், கன்னத்துக்கு மட்டும் எந்தச் சாமி கோபிக்கிறது என்று கேட்டுவிட்டு, அம்மாவின் பல்செட்டைக் கழுவிக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்.

கார்கோ அக்கா முதலில் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. நீண்ட நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து, உடம்பு தேறியும் முகம் தேறவில்லை. கன்னம் குழி விழுந்து, உதடு நூலாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்புக்கு என்ன என்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் லிஃப்டில் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் தன் மருத்துவரின் நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டாராம். கார்கோ அக்கா கேட்டது அழகு இல்லை. யாரும் எதுவும் கேட்காத ஒரு முகம் வேண்டும் என்றார். அண்ணிக்கு அந்தக் கோரிக்கை மிகவும் பிடித்துப்போனது. இரண்டு தவணையில் அதைச் செய்தும் கொடுத்தார். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை வந்து, கரைந்த அளவுக்கு நிரப்பிக்கொண்டு போவார்.

இந்த வருடம் வந்து போன மூன்றாவது வாரம், காலை நேரத்தில், முன்பதிவு இல்லாமல் வந்து நின்றார். வாயைத் துப்பட்டாவால் மூடியிருந்தார். அவர்கள் ஆபீஸ் வாசலில், அடையாள அட்டையின் பழைய போட்டோவோடு முகத்தை ஒப்பிட்டுக் கதவு திறக்கும் மெஷினை இந்த வாரம்தான் வைத்திருக்கிறார்கள். மூன்று நாளாக அது இவரை உள்ளே விடவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, காவலாளி ஒவ்வொரு நாளும் அடையாள அட்டையை வாங்கி அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார், யாரோ சிரிக்கிறார்கள்.

"கேள்வியே வேண்டாம்னுதான் உங்ககிட்ட வந்தேன் டாக்டர்," என்றார். "இப்ப உதட்டுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க."

டைல்ஸுக்கு இதைக் கேட்டு ஒரே சந்தோஷம். மெஷினே ஏமாந்துவிட்டது என்று விளம்பரம் போடலாம் என்றார். அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகு, மெஷின் கோளாறாக இருக்கும் என்று இறங்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை நமக்கு வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு, அண்ணி கார்கோ அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஐந்து வருடப் போட்டோக்களையும் எடு என்றார். அவர் கையால் ஊசி போட்டவர்களின் படங்கள் மட்டும்.

அன்று மதியம் சாப்பாட்டு அறை மேஜையில் அவற்றை வருட வரிசையில் பரப்பினேன். ஒரே வெளிச்சம், ஒரே தூரம், தாடையை ஒரே தாங்கியில் வைத்து நான் எடுத்தவை. முதல் மூன்று வருடத்தில் ஒவ்வொரு வாயும் அவரவர் வாயாக இருந்தது. கடைசி ஒன்றரை வருடத்தில், எனக்கே தூக்கிவாரிப்போட்டது, எல்லா வாயும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஆகிக்கொண்டு வந்திருந்தது. அரை மில்லி இருந்த இடத்தில் முக்கால். முக்கால் இருந்த இடத்தில் ஒன்று. ஒவ்வொரு முறையும் துளி துளியாக.

இந்தத் தொழிலில் கை தப்புவதற்கு முன்னால் கண் தப்பும். காலை முதல் மாலை வரை சின்ன டாக்டர் அறையிலிருந்து வருகிற ஊதிய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தால், சாதாரண உதடு குறைபாடுள்ள உதடாகத் தெரியத் தொடங்கிவிடும். போதும் என்ற வார்த்தையை அண்ணி நிறுத்தவே இல்லை. அதைச் சொல்லும் இடம்தான் அவருக்கே தெரியாமல் தள்ளித் தள்ளிப் போயிருந்தது. பதினொரு பேரை அவர் தனியாக எடுத்து வைத்தார். பத்தாவது படம் கார்கோ அக்கா. பதினொன்றாவது நான்.

அன்று சாயங்காலம் என் அண்ணன் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்றான். "யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி," என்றார் அண்ணி. "இங்க சறுக்கினது நான், அடி அந்தப் பொம்பளைக்கு."

மறுநாள் அண்ணி டைல்ஸிடம் கேட்டது சிறிய விஷயம்தான். இந்த ஜெல்லைக் கரைக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. கையில் துளி போட்டு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு உதட்டில் போட்டால் ஓரிரு நாளில் கரைந்துவிடும். பதினொரு பேருக்கும் போன் செய்து சொல்ல வேண்டும், வேண்டும் என்பவர்களுக்குக் கரைத்துவிட வேண்டும், ஃபைலில் காரணத்தை எழுத வேண்டும். டைல்ஸ் கரைப்பதற்குக்கூட ஒத்துக்கொண்டார். எழுதுவதற்குத்தான் மாட்டேன் என்றார். வீக்கம் என்று எழுதுங்கள், ஒவ்வாமை என்று எழுதுங்கள், உங்கள் தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். ஊரெல்லாம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு தன் உதட்டை அளக்க ஆரம்பித்துவிடும் என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

கார்கோ அக்கா மறுபடி வந்து, கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டு நாற்காலியில் இருக்கும்போதே இந்தப் பேச்சு முற்றியது. கதவு திறந்தே இருந்தது. காத்திருப்பு நாற்காலிகளில் ஆறு பேர்.

"மேடம், அந்த ஃபைல்ல கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்," என்றார் டைல்ஸ்.

அண்ணி நிமிரக்கூட இல்லை. எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார். அளவு அதிகம், தவறு என்னுடையது, கரைக்கப்பட்டது. கையெழுத்து, தேதி. பிறகு ஃபைலைக் கார்கோ அக்காவிடம் கொடுத்து, படித்துப் பாருங்கள் என்றார்.

"நான் போட்டது கூடிப்போச்சு. உங்க முகத்துல ஒரு தப்பும் இல்ல," என்றார், வெளியே இருந்த ஆறு பேருக்கும் கேட்கும்படி.

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஒன்பது வருட வேலை, கதவில் பெயர்ப் பலகை, ஊரில் சம்பாதித்த பெயர், எல்லாவற்றையும் ஒரு பேனா முனையில் வைத்துவிட்டு, அந்த அம்மாள் சாவதானமாகப் பேனாவை மூடினார். டைல்ஸ் என்னிடம் வந்து அந்தப் பதினொரு நம்பரையும் அழிக்கச் சொன்னார். சரி சார் என்றேன். சொல்லிக்கொண்டே முதல் நம்பருக்கு டயல் செய்தேன்.

மாதக் கடைசி வரை சட்டப்படி அண்ணியை வெளியே அனுப்ப முடியவில்லை. அந்த இரண்டு வாரத்தில், கார்கோ அக்காவையும் சேர்த்து, ஏழு பேர் வந்து கரைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேர், எங்களுக்கு இப்படியே பிடித்திருக்கிறது, ஆளை விடுங்கள் என்றார்கள். ஒருத்தி மேஜையைத் தட்டி, உங்கள் மேல் புகார் கொடுப்பேன் என்றாள். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அண்ணியே முகவரி எழுதிக் கொடுத்தார், ஃபைலின் நகலையும் சேர்த்து. அவள் கொடுத்தும் விட்டாள். அதற்கும் போய்ப் பதில் சொல்லத்தான் வேண்டும், சொல்வேன் என்றார். கார்கோ அக்கா மட்டும் நான்காம் நாள் போன் செய்தார். கதவு திறந்துவிட்டதாம். காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் வேறெந்த வாடிக்கையாளரிடமும் கேட்டதில்லை.

கடைசி நாள் கடைசி ஆள் நான். அண்ணி அறையைச் சாமான் கட்டிக் காலி செய்திருந்தார். நாற்காலியும் விளக்கும் மட்டும் மிச்சம். என் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைக் காட்டு, மருந்து ஒத்துக்கொள்கிறதா பார்க்கலாம் என்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சின்ன வயதிலிருந்து என் உதட்டைக் கத்திக் கீறல் என்று கேலி செய்தவர்கள் என் சொந்த அத்தைகள். போன வருடம் அண்ணி அதில் ஊசி போட்ட பிறகுதான், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, உங்கள் சிரிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவை. அளவு கொஞ்சம் அதிகம்தான். போட்டோ பொய் சொல்லாது, அதை எடுத்தவளே நான்தான். இருந்தாலும் மாட்டேன் என்றேன். மற்றவர்கள் தாங்க முடியாமல் வந்தார்கள், நான் சந்தோஷமாக இருக்கிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். அண்ணி நிமிர்த்தி உட்கார வைத்து, பேசச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்து தண்ணீர் மேலெல்லாம் சிந்தியது.

"உன் முகம், உன் இஷ்டம்," என்றார். "ஆனா ஃபைல்ல நான் தப்புன்னுதான் எழுதுவேன்."

"எழுதிக்கோங்க அண்ணி."

எழுதினார். அளவு அதிகம், தவறு என்னுடையது. அதன் கீழே, கரைக்க மறுத்துவிட்டார் என்று ஒரு வரி சேர்த்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டைல்ஸின் அறையைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து படியிறங்கினார். நான் பார்த்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே போய், முன்மேஜைச் சாவியை அவர் எதிரில் வைத்தேன். அளவுக்கு அதிகமான அந்த உதட்டைத் திறந்து, நாளையிலிருந்து நானும் வரமாட்டேன் என்று சொன்னேன்.