பச்சைத் தகடும் பதினெட்டு மணல் மூட்டையும்

சித்திரையில் அடித்த ஒரே காற்றில் என் குடோன் கூரையும் என் சகலையின் குடோன் கூரையும் போயின. இருவரும் ஒரே ஏஜெண்டிடம் இன்சூரன்ஸ் போட்டிருந்தோம். அவருக்குக் கேட்டது அப்படியே வந்தது. எனக்கு இரண்டு பக்கக் கடிதம் வந்தது.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்தார். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கடத்தூரில் சந்தைக்குப் போகும் ரோட்டில் இருந்த இடத்தை எங்கள் மாமனார் இரண்டாகப் பிரித்து, பெரிய மகளுக்கு மேற்குப் பாதி, சின்ன மகளுக்குக் கிழக்குப் பாதி என்று கொடுத்தார். அளவில் குறை சொல்ல முடியாது, டேப் பிடித்து அளந்தவனே நான்தான். ஆனால் ரோடு திரும்புகிற முனை கிழக்கில் இருந்தது. லாரி வளைந்து நிற்க அங்கேதான் வசதி. அதை எந்த டேப்பாலும் அளக்க முடியவில்லை.

ஒரே வருடத்தில் இரண்டு பேரும் குடோன் கட்டினோம். நான் சிமெண்ட் ஷீட் போட்டேன். மொத்தம் தொண்ணூற்றாறு ஷீட். அவர் பச்சை நிறத் தகர ஷீட் போட்டார். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்கு அந்தப் பச்சைதான் தெரியும். "பச்சை குடோனுக்குப் பக்கத்துக் குடோன்" என்றுதான் என் குடோனுக்கு ஊரில் அடையாளம் சொன்னார்கள். என் குடோனுக்கென்று ஒரு பெயர் வரவே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஷீட் கூரை போட்டால் அதன்மேல் கல்லோ மணல் மூட்டையோ வைப்பது வழக்கம். ஆடிக் காற்று ஷீட்டைத் தூக்கிவிடும் என்ற பயம். நான் பதினெட்டு மூட்டை வைத்திருந்தேன். சாக்கு வெயிலில் இற்றுப்போகும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை சாக்கு மாற்றுவேன். சகலை ஒரு மூட்டைகூட வைக்கவில்லை. கேட்டால், "ஸ்குரு போட்ருக்குதுங்கண்ணா, அது பாத்துக்கும்" என்பார். எதையும் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற அந்த நம்பிக்கை அவருக்குப் பலித்துக்கொண்டே வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காற்று அடித்த மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அவர் குடோனில் ஆகாயம் தெரிந்தது. பச்சைத் தகடுகளில் பாதிக்கு மேல் பெயர்ந்து, சுவரைத் தாண்டி என் கூரைமேல் விழுந்து கிடந்தன. அவை விழுந்த இடமெல்லாம் என் சிமெண்ட் ஷீட் உடைந்து, மணல் மூட்டைகளில் பலவும் உள்ளே இறங்கியிருந்தன. என் குடோனை வாடகைக்கு எடுத்திருந்தவர் புளி வியாபாரி. அவருடைய புளிச் சிப்பங்கள் கீழே அடுக்கிக் கிடந்தன. புளியில் தண்ணீர் பட்டால் கறுத்துப் போகும், விலை போகாது. நல்லவேளை, காற்றோடு வந்த மழையில் நனைந்தது ஓரத்து வரிசை மட்டும்.

நான் ஏணி வைத்து ஏறி, உடைந்ததை எண்ணினேன். முப்பத்தொன்று. அதற்குள் சகலை வந்துவிட்டார். தன் கூரை போன மனிதர் மாதிரியே இல்லை. இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னாங்கண்ணா, எங்கூரை உங்கூரை மேல ஏறி ஒக்காந்துக்கிச்சு? வூடு மாறிப் போச்சாட்டம் இருக்குது."

சொல்லிவிட்டுத் தானே சிரித்து, போனில் படம் எடுத்தார். நான் விரலை நீட்டிச் சரிபார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுகிறபோது யாராவது பேசினால் எனக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சர்வேயர் வர நாலைந்து நாள் ஆகும் என்றார் ஏஜெண்டு. அதுவரை புளியைத் திறந்து போட முடியாது. ஆட்களை வைத்துக் கூரையைச் சுத்தம் செய்தேன். அப்போது எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். சகலையின் தகடு ஒன்றுகூட என் இடத்தில் தங்கிவிட்டது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. தகரம் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை போகும். இவர் எடுத்து விற்றுவிட்டார் என்று மைத்துனி வாயிலிருந்து வந்தால் போதும், சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிடும். ஆகவே நாற்பத்திரண்டு தகடுகளையும் இறக்கி, நெளிந்த துண்டுகளையும் பொறுக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடுக்க வைத்தேன். மைத்துனியைக் கூப்பிட்டு எண்ணிக்கையும் சொன்னேன். பிறகு என் கூரைக்குத் தார்ப்பாய் கட்டி, உள்ளே பெருக்கி, உடைந்த சிமெண்ட் ஷீட்டை ஒரு மூலையிலும் மணல் மூட்டைகளை இன்னொரு மூலையிலும் வைத்தேன். வேலை முடிந்தபோது திருப்தியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் சகலை குடோன் போர் நடந்த இடம் மாதிரி கிடந்தது.

சர்வேயர் முதலில் அங்கேதான் போனார். முனை இடம் அல்லவா, வண்டி அங்கேதான் நிற்கும். இளநீர் வெட்டிக் கொடுத்தார் சகலை. சர்வேயர் தகடு மலையைப் பார்த்து, "ஐயையோ, சரியான காத்துங்க" என்று சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அதில் பெரும்பகுதி நான் கூலி கொடுத்து அடுக்கிய மலை.

என்னிடம் வந்தபோது அவருக்கு இளநீர் குடித்து வயிறு நிறைந்திருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு மூலையைக் காட்டினார்.

"இதென்னாங்க சார் மூட்டை?"

"மணல் மூட்டைங்க. பாதுகாப்புக்குக் கூரை மேல வெச்சது. பதினெட்டு."

"ஒவ்வொண்ணும் என்னா எடை இருக்கும்?"

எனக்கு அது தெரியும். சொன்னேன். கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவர் எழுதிக்கொண்டார்.

"சிமெண்ட் ஷீட்டுங்க சார். பழசு. அது மேல இத்தன பாரம் ஏத்தினா தாங்குமுங்களா?"

"ஒடச்சது மூட்டை இல்லீங்க. பக்கத்துக் கூரைத் தகடு வந்து விழுந்துச்சு. நாப்பத்திரண்டு."

"எங்கீங்க அது?"

"அவங்களுதுன்னு அவங்க எடத்துல போட்டுட்டனுங்க."

"போட்டோ எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. எண்ணி வைத்திருக்கிறேன் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

கடிதத்தில் இருந்தது இதுதான்: பழைய கூரையில் கூடுதல் பாரம் ஏற்றியதால் ஏற்பட்ட சேதம், காற்றினால் அல்ல, ஆகவே ஏற்பதற்கில்லை. அதே வாரத்தில் சகலைக்குப் பணம் வந்துவிட்டது. மைத்துனி என் மனைவிக்குப் போன் செய்து சொன்னாள். மனைவி எனக்குச் சொல்லாமல் மறைத்துப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு இட்லிக்கு வழக்கமான சட்னியோடு சாம்பாரும் வைத்ததில் எனக்குப் புரிந்துவிட்டது.

புளி வியாபாரி கெட்டவர் இல்லை. தார்ப்பாயைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போயிருந்தது அவருக்கு.

"வாத்தியாரய்யா, ஆடி பொறக்கறதுக்குள்ள மேல ஷீட் ஏறிடணுங்க. இல்லீன்னா நான் சிப்பத்தப் பக்கத்துல மாத்திக்கிறேன். அங்க புதுக் கூரை ஏறிட்டிருக்குது, அவரு நேத்தே கேட்டாருங்க, எடம் வேணுமான்னு."

அந்த வாடகையும் என் பென்ஷனும் சேர்ந்துதான் எங்கள் குடும்பம். கையில் இருந்தது மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டது. ஆனால் அன்று என்னைத் தின்றது வருமானம் போகுமே என்ற பயமல்ல. என் வாடகைதாரர் பச்சைக் கூரைக்குக் கீழே போய் உட்காருவார், போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள், என்னுடையது காலிக் குடோன் ஆகிவிடும். இதைத்தான் படுத்தாலும் எழுந்தாலும் நினைத்தேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். தகடுகளை எண்ணி அடுக்கியபோது துளைகளையும் பார்த்திருந்தேன். ஸ்குரு போட வேண்டிய இடங்களில் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் போட்டிருந்தார்கள். செலவு மிச்சம் பிடித்திருந்தார் சகலை. இதை இன்சூரன்ஸ் ஆபீசுக்கு எழுதினால் அவருக்குப் போன பணத்தை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். வாசகம்கூட மனத்தில் தயாராகிவிட்டது. பிறகு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஸ்குரு இல்லாததால் தகடு பறந்தது என்று நானே எழுதினால், காற்றினால் பறக்கவில்லை என்று ஆகிவிடும். காற்று இல்லையென்றால் எனக்கும் பணம் இல்லை. அவரைக் கவிழ்க்க நினைத்தால் நானும் அதே படகில் இருந்தேன். அதனால் விட்டேன், பெருந்தன்மையால் அல்ல.

அப்போதுதான் மனைவி சொன்னாள், "ஏங்க, அன்னிக்கு அவுரு படம் எடுத்தாருல்ல? குரூப்புல போட்டு எல்லாரும் சிரிச்சாங்களாம். தங்கச்சி சொன்னா."

குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பை விட்டு நான் விலகி நாளாகியிருந்தது. சகலை தினமும் பெங்களூர்ப் பேரன் படம் போடுவார். நடந்தால் ஒரு படம், தும்மினால் ஒரு படம். மனைவியிடம் இருப்பது பட்டன் போன். ஆக அந்தப் படம் வேண்டுமென்றால் நான் சகலையிடம்தான் கேட்க வேண்டும்.

"கேக்கறதுக்கு என்னங்க? மச்சினி புருசன்தான?" என்றாள்.

அவளுக்கு அது சுலபம். அவளுக்கு அவர் தங்கை புருஷன் மட்டுமே.

புக்கிங் ஆபீசுக்குப் போனேன். டிரைவர்கள் இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். அவர்கள் போகவில்லை.

"வாங்கண்ணா. ஆபீசுப் பக்கம் வந்து எத்தன வருசமாச்சு. டேய், டீ சொல்லு, சக்கரை கம்மியா."

"அந்தப் படம் இருக்குதா தம்பி?" என்றேன்.

எந்தப் படம் என்று கேட்பார், இரண்டு முறை சொல்ல வைப்பார் என்று எதிர்பார்த்தேன். உடனே போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். என் கூரை, அதன்மேல் பச்சைத் தகடுகள், உடைந்த ஷீட், சரியாத சில மூட்டைகள்கூட வைத்த இடத்திலேயே. எல்லாம் தெளிவாக இருந்தன. நடுவில் ஏணியின் உச்சியில், வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு விரலை நீட்டியபடி நான். கீழே எழுதியிருந்தார்: வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்.

டிரைவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இன்சூரன்ஸ் கடிதத்தைக் காட்டி, இதற்குத்தான் கேட்டேன் என்றேன்.

"உங்களுக்கு வரலீங்களாண்ணா? பணம் வந்திருக்கும்னுல்ல நெனச்சேன். சொல்ல வேண்டாமுங்களா? நாளைக்கே தருமபுரி போலாம், நானும் வரேன்."

நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் பேரனைப் பற்றிப் பேசினார். இன்சூரன்ஸ் ஆபீசில் நான் ஃபைலைப் பிரித்து முறையாகத் தொடங்கினேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சகலை குறுக்கே புகுந்து போனை நீட்டினார்.

"சார், இது எங்கூரைங்க. இது எங்கண்ணன் கூரை. எங்கூரத் தகடு போயி இவுருத ஒடச்சிருக்குது. இவுரு என்னா பண்ணியிருக்காருன்னா, ஒண்ணு விடாம எண்ணிக் கொண்டாந்து எங்கிட்டயே குடுத்துட்டாரு. இப்பிடி ஒரு மனுசரு எங்கியாச்சும் இருப்பாருங்களா?"

மேனேஜர் படத்தைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார். சிரித்துவிட்டார். நாற்காலி காட்டி என்னை உட்காரச் சொன்னார். நான் எழுதிக் கொண்டுபோன நான்கு பக்கத்தால் ஆகாதது என்னைப் பார்த்துச் சிரித்ததால் ஆயிற்று.

சர்வேயரை மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை படத்தையும் உடைந்த இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மூட்டை வைத்திருந்த இடத்து ஆறு ஷீட்டைத் தள்ளிவிட்டார். மற்றவற்றுக்குத் தேய்மானம் கழித்துப் பாஸ் செய்தார். சகலைக்குத் தேய்மானம் கழித்தீர்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது. பக்கத்திலேயே அவர் நின்றார், சர்வேயருக்கும் எனக்கும் இளநீர் பிடித்துக்கொண்டு. வாங்கிக் குடித்தேன்.

ஆனி முடிவதற்குள் கூரை ஏறிவிட்டது. அந்த ஆறு ஷீட்டை மட்டும் என் செலவில் போட்டேன். புளி வியாபாரி போகவில்லை. "அவுரு எடத்துல வாடகை சாஸ்தி சொன்னாருங்கய்யா" என்று வேறு சொன்னார். சகலை எனக்காக வேண்டுமென்றே கூட்டிச் சொன்னாரோ என்று ஒரு சந்தேகம். விசாரிக்கவில்லை. உண்மை என்றால் என்னால் தாங்க முடியாது.

மணல் மூட்டை மறுபடி ஏற்றவில்லை. மூலையில் பதினெட்டும் இருக்கின்றன. ஆடிக் காற்று அடிக்கிறபோதெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன்.

குரூப்பில் சகலை என்னை மறுபடி சேர்த்துவிட்டார். சேர்த்ததும் வந்த முதல் படம் அவருடைய புதுக் கூரை. முன்னைவிட அடர்ந்த பச்சை. எல்லோரும் கை கூப்பியும் பூப் போட்டும் அனுப்பியிருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு ஓரத்திலிருந்து ஸ்குருவை எண்ணினேன். ஒன்றாவது விட்டுப்போயிருக்கும் என்று பார்த்தேன். எல்லாத் துளையிலும் இருந்தது.