பூதத்தானின் முகம் உள்ள படம்

கடலுக்குப் பயப்படாத பூதத்தான் கேமராவுக்குப் பயந்தவர். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது நாங்குநேரிப் பக்கம் அவருடைய ஊரில் யாரும் சந்தேகிக்காத சங்கதி. தாராவிக்கு வந்து தோல் பதனிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவர் அதை விடவில்லை. கல்யாணத்துக்கே படம் எடுக்க விடவில்லை. ஆயுசை இப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம் மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் மாஹிம் கழிமுகத்தில் மீன் பிடிக்கப் போய்க் காணாமல் போனார். புகார் கொடுக்கப் போன இடத்தில் போலீஸ்காரர் முதலில் கேட்டது ஒரு போட்டோ.

அவருடைய படகு மட்டும் அலையாத்திப் புதருக்குள் குப்புறக் கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை; உடம்பும் கிடைக்கவில்லை. அதனால் அவருடைய மனைவி செண்பகவல்லிக்குத் தாலியைக் கழற்றவும் வழியில்லை, வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. கைக்குழந்தை பூமாரியை மடியில் போட்டுக்கொண்டு, அந்த ஊரில் சக்லி என்கிற முறுக்கை விற்பதற்குப் பிழிய உட்கார்ந்தாள். நாலு வருஷமாகப் பிழிந்துகொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் விக்ரோலியில் மூட்டை தூக்கும் ஊர்க்காரர் பூலோகம் ஒரு சேதி கொண்டுவந்தார். அங்கே ஸ்டேஷனில் பூதத்தானைப் போலவே ஒருவர் ரயில் ஏறினாராம். கூப்பிட்டாராம், அவர் திரும்பவில்லையாம். எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர் என்று பூதத்தானின் தம்பி இசக்கிப்பாண்டி குடைந்தபோது, பூலோகம் பார்த்தது முதுகை மட்டும்தான் என்பது வெளிப்பட்டது. ஆனாலும் சேதி சேதிதான். முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் இருந்தால், அதைக் காட்டி விக்ரோலியில் வாசல் வாசலாக விசாரித்துவிடலாம் என்றான் இசக்கி. பூதத்தானுக்குப் படமே கிடையாது என்று சொல்ல முடியாது. ஒரு உறை நிறையப் படங்கள் மாட்டுங்காவில் ஜம்பு சாரிடம் இருந்தன.

ஜம்பு ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவும் கையுமாகத் திரிகிறவர். வாரப் பத்திரிகைகளின் புகைப்படப் போட்டிகளுக்கு அனுப்பி, ஒரு தடவை ஆறுதல் பரிசும் வாங்கியவர். இசக்கி போய்ச் சொன்ன மறுநாளே உறையோடு வந்து, செண்பகவல்லியின் அறைக்குள் எண்ணெய்ச் சட்டிக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் இடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதல் படத்தில் படகு மட்டும் இருந்தது. செம்பூரில் குடியிருந்த ஒரு ஜெர்மன் இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, சாமான் கட்ட உதவிய பூதத்தானுக்குக் கொடுத்துவிட்டுப் போன படகு அது. மரச்சட்டத்தின் மேல் கித்தான் போர்த்தியது. ஒரே ஆள் காலை நீட்டி உட்காரலாம். துரை அதைக் கயாக் என்பாராம். கழிமுகத்துக் கோலி மீனவர்கள் சிரித்துவிட்டு, இது ஹோடியா, அதாவது படகா, இல்லை ஒற்றைச் செருப்பா என்று கேட்டார்கள். தாராவி முழுக்க அதற்குச் செருப்பு என்றே பெயர் நிலைத்தது. குளத்தில் தூண்டில் போட்டுப் பழகிய பூதத்தான், மழை ஓய்ந்து கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டு மீன்பிடிப்பைத் தொடங்கிய கையோடு, அந்தச் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு மீனுக்குப் போனார். தோல் நாற்றத்திலிருந்து தப்பிப்பதற்கு மீன் நாற்றம்தான் வழி என்று அவர் கணக்கு.

அடுத்தடுத்த படங்கள் அந்தப் பருவம் முழுவதையும் காட்டின. துடுப்பை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி பூதத்தான். தூண்டிலை வீசும் பூதத்தான். படகைத் தோளில் தூக்கி வரும் பூதத்தான். பின்னால் சூரியன் தகதகவென்று இறங்க, எல்லாவற்றிலும் அவர் கரிக்கட்டை மாதிரிக் கறுத்திருந்தார். கறுப்பு என்றால் நிறம் அல்ல. ஆள் வடிவத்தில் வெட்டிய கறுப்புக் காகிதம்.

“மொகம் எங்க சார்?” என்றாள் செண்பகவல்லி.

ஜம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் விழாது, நிழல் மட்டும்தான் விழும் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் பூதத்தான் படம் எடுக்கவே சம்மதித்தாராம். சூரியனுக்கு எதிரே நிறுத்தி எடுப்பது ஜம்புவுக்கும் பிடித்த பாணி. ஜம்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் ஒரு பெரிய கொடுவா மீனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். மீனின் முகம் துல்லியமாக விழுந்திருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் பூதத்தானின் காதுகள்.

“காது அவுக காதுதான்” என்றாள்.

அந்தக் கொடுவாவை வாங்கியவர் ஜம்புதான். கழிமுகத்து மீனில் ஆலைத் தண்ணீரும் எண்ணெயும் நாறியதால் அக்கம்பக்கத்தில் யாரும் தொடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் பூதத்தானுக்கு வாய்த்த ஒரே வாடிக்கைக்காரர் மீனே தின்னாத இந்த ஜம்பு; விலை கொடுத்து வாங்கி, படம் எடுத்து, மீனைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவார். நல்ல மீன் இன்னும் வெளியே, கழிமுகத்தின் வாய்க்கு அப்பால் கிடைக்கும் என்று கடைசியில் பூதத்தான் போனதும், தின்கிற ஒருவருக்காவது விற்கிற மீனாகப் பிடிக்கலாமே என்றுதான்.

“நெகட்டிவ்ல எல்லாம் இருக்கும்மா” என்றார் ஜம்பு. “இருட்டுன்னா ஒண்ணுமே இல்லேன்னு அர்த்தமில்லே. வெளிச்சமா பிரிண்ட் போட்டுப் பார்க்கறேன்.”

செண்பகவல்லி அந்த வாரம் சக்லியைக் கருகவிட்டாள். கருகிய சக்லி அதற்கு முன் அவள் சட்டியில் வந்ததில்லை.

புதிய படம் வந்தது. சூரியன் இருந்த இடத்தில் வெள்ளைப் பொத்தல். கடல் காணாமல் போயிருந்தது. ஆனால் சாம்பல் நிறத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் கண், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு என்று ஒரு முகம் நிஜமாகவே எழும்பியிருந்தது.

“மைனி, அண்ணனேதான். மூக்கப் பாருங்க” என்றான் இசக்கி.

“மூக்கு சரி. மீச எங்க?”

“மீச நெழலுல போயிருக்கும்.”

“நெழலு மீசய மட்டுமா திங்கும்?”

அப்படிக் கேட்டாளே தவிர, அவளுக்கும் திடமில்லை. ஆறு வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாள். விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிற புருஷன். அறைக்கு ஒரே சிமினி விளக்கு. அவருடைய இருமல் தெரியும், நடை தெரியும், சட்டை வாசம் தெரியும். முகத்தை வெயிலில் வைத்து நிதானமாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தால் பதில் வரவில்லை. அதனால், இதுதான் என்று தலையாட்டிப் படத்தை இசக்கி கையில் கொடுத்தாள்.

விக்ரோலி இசக்கியைக் கைவிடவில்லை. அதுதான் வினை. பார்த்தவரெல்லாம் அடையாளம் சொன்னார்கள். டீக்கடைக்காரர் இவன் ஆலை கேட் பக்கத்தில் நிற்கிற வாட்ச்மேன் என்றார். ஒரு பட்டறைக்காரர் இவன் என்னிடம் வேலை பார்த்துப் போன வெல்டர் என்றார். இன்னொருவர் இவர் போன வருஷமே செத்துவிட்டாரே என்று துக்கம் விசாரித்தார். அவ்வளவு மங்கலான படம் அது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தியது. ஞாயிறுதோறும் இசக்கி போனான், ஆட்களைப் பார்த்தான், அண்ணன் இல்லாமல் திரும்பினான். திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் செண்பகவல்லி அவன் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிறு நிஜமாகவே ஒருவர் வந்தார். பெயர் வானமாமலை, சாத்தூர்க்காரர், விக்ரோலியில் ஒரு ஆலையில் பெயிண்ட் அடிக்கிறவர். படத்தில் இருந்த அதே முகம், அதே கண்குழி, மீசையில்லாத அதே உதடு. அண்ணன் இல்லை என்று இசக்கிக்கு நேரில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் மைனி ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று கெஞ்சிக் கூட்டி வந்திருந்தான். மனுஷர் அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்குள் வழி தவறி வந்தவர் போல வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்கி நின்றார்.

செண்பகவல்லி அவரை வெயிலில் வைத்துப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். நாலு வருஷமாக யாரைப் பார்க்கவும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

“இந்தப் படத்துல இருக்கது இவுகதான்” என்றாள்.

“அப்ப அண்ணன்?” என்றான் இசக்கி.

“இனிமே நீங்க விக்ரோலிக்குப் போவாண்டாம்.”

வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். படத்தையும் அவரிடமே நீட்டினாள். தனக்குப் படமே எடுத்ததில்லை, ஊரில் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று அவர் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். இசக்கி அவரை ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் பூமாரி பக்கத்து வீட்டு மர்யமிடம், அப்பா வந்தாரு, டீ குடிச்சாரு, போயிட்டாரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படி இருந்தார் என்று மர்யம் கேட்க, குழந்தை மூக்கையும் கண்ணையும் தொட்டுத் தொட்டுக் காட்டியது. செண்பகவல்லி சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடி அதைக் கேட்டாள். திருத்த வாயெடுத்தாள். திருத்திச் சொல்ல அவளிடமும் வேறு முகம் இல்லை.