கலாக்காவோட பன்னெண்டு நிமிஷ வானம்

செவ்வாய்க்கிழமை காலைல கலாக்கா நம்பர்லேர்ந்து நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாய்ஸ் வந்துச்சு. அக்கா டைப்பே பண்ண மாட்டாங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். "ஏய் மழைப் பைத்தியங்களா"ன்னு ஆரம்பிப்பாங்கன்னு சிரிச்சுக்கிட்டே பிளே பண்ணேன். அவங்க பையன் குரல். "அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலி." மூணு தடவ கேட்டேன். அதேதான்.

புதுசா சேந்தவங்களுக்கு சொல்றேன். அக்காவுக்கு பெங்களூர் ஜோகுபாளையத்துல துணி துவைச்சு அயர்ன் பண்ற கடை. நியூஸ்ல "ஆங்காங்கே மழை"ன்னா, "அந்த ஆங்காங்கேல என் மாடி இருக்கா இல்லயா?"ன்னு டிவியப் பாத்து கத்துவாங்க. கடைசில வீடியோ பாத்துப் பாத்து, உடைஞ்ச துணி ஸ்டாண்டோட ரெண்டு அலுமினியக் கம்பிய விரிச்சுக் கட்டி ஆன்டெனா ஆக்கி, லேப்டாப்ல குட்டி ரேடியோ ரிசீவர் ஒண்ண சொருகி, சாட்டிலைட்லேர்ந்து நேரா மேகப் படம் எறக்கிட்டாங்க! செம இல்ல?

சாட்டிலைட் தலைக்கு மேல இருக்கறது பன்னெண்டு நிமிஷம்தான். அதுக்குள்ள பக்கத்துல யாராவது மிக்ஸி போட்டா படத்துல கோடு கோடா விழும். நான் போயிருந்த அன்னிக்கு மாடிலேர்ந்தே கத்தறாங்க, "மஞ்சுளா, மிக்ஸி ஆஃப் மாடி! சாட்டிலைட் பர்தா இதே!" மிக்ஸிய நிறுத்து, சாட்டிலைட் வருதுன்னு கன்னடத்துல.

கீழ் வீட்டுலேர்ந்து மஞ்சுளாக்கா, "சட்னி யாரு அரைப்பா, உன் சாட்டிலைட்டா?"

"பன்னெண்டு நிமிஷம் சட்னி இல்லன்னா உன் புருஷன் ஒண்ணும் ஓடிட மாட்டான்!"

மிக்ஸி நின்னுச்சு. ஒவ்வொரு வரியா கர்நாடகா, தமிழ்நாடு, இலங்கைன்னு படம் எறங்குச்சு. துணி போடலாமா, வடாம் போடலாமான்னு தெருவே அக்காவத்தான் கேக்கும்.

இப்ப, நேத்து வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு. அக்காவப் பாத்து நானும் ஒரு ஆன்டெனா கட்டியிருந்தேன்ல, ஒரு நவம்பர் காலைல எங்க நீலசந்திரா வீட்டு மாடில அதுல நான் எடுத்த படத்துல, ஓசூர்லேர்ந்து பெங்களூர் வரைக்கும் பட்டையா கோடு. அசிங்கமா இருக்கேன்னு முந்தின நாள் படத்துலேர்ந்து அந்த எடத்த வெட்டி ஒட்டி குரூப்ல போட்டேன். நீங்கல்லாம் "வேற லெவல் ஜெனி"ன்னீங்க. ஆனா முந்தின நாள் வானத்துல மேகமே இல்ல.

அன்னிக்குன்னு அக்கா லேப்டாப் ரிப்பேர்ல. என் படத்த நம்பி, சர்ச் பாட்டுக் குழுவோட வெள்ளை அங்கி எல்லாத்தையும் காயப் போட்டுட்டு டெலிவரிக்குப் போயிட்டாங்க. மழை கொட்டி, கொடி அறுந்து, அத்தனையும் தெருச் சேத்துல. மறுநாள் திருவிழா. திரும்பத் துவைச்சு, ஈரத்தோடயே அயர்ன் வெச்சுக் காய வெச்சதுல கையெல்லாம் கொப்புளம்.

சொல்லிடலாம்னுதான் போன் பண்ணேன். அவங்க முந்திக்கிட்டாங்க. "படம் என்ன பண்ணும் ஜெனி? எனக்குத்தான் பாக்கத் தெரியல."

"பரவால்லக்கா"ன்னேன். நான், அவங்களுக்கு, பரவால்லக்கான்னேன்!

அதுக்கப்புறம் தெருல யார் கேட்டாலும், "இரு, ஜெனியக் கேட்டுச் சொல்றேன்"தான். மேகம் பளிச்சுனு தெரிஞ்சாலும் "நான் பாக்கறது சரியா?"ன்னு எனக்கு ஒரு வாய்ஸ் வரும். நானும் பெரிய இவ மாதிரி பதில் சொன்னேன், போன வாரம் வரைக்கும்.

நேத்து அவங்க பையன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப உங்ககிட்ட சொல்றேன்.

அக்காவோட ஞாபகமா நான் வெச்சுக்கப் போறது அந்த நவம்பர் காலைல எடுத்த, வெட்டி ஒட்டாத ஒரிஜினல் படத்த. கீழ போட்டிருக்கேன், பாருங்க. கோட்டுக்கு நடுவுல, ஓசூர் மேல, லேசா வெள்ளையா மேகம் தெரியுது. எனக்கே இத்தன நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. அக்கா இதப் பாத்திருந்தா ஒரு அங்கியக்கூட வெளிய போட்டிருக்க மாட்டாங்க.