சின்னத்தின் மேல் அப்பிய சந்தனம்

புதுச்சேரியில் ஒரு டாக்டர் ஏழு வருஷம் ஓட்டி அலுத்துப்போன ஜெர்மன் காரை நான் வாங்கிக்கொண்டு செஞ்சிக்கு வந்த அன்று, என் நெல் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். "பேங்க் லாக்கர் மூட்ற மாதிரி கீதுபா" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொருத்தரும் வரிசையாக வந்து ஒருமுறை மூடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று சாயந்தரம்வரை என் மண்டியில் நெல் வியாபாரம் நடக்கவில்லை, கதவு மூடும் வியாபாரம்தான் நடந்தது.

கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. இதில் அதன்மேல் ஒரு தப்பும் கிடையாது. தப்பு செய்தவன் பெயரையும் எழுதப்போவதில்லை. அது நான்தான்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. பிரஷர் பார்க்கும் மிஷினைப் பார்த்தாலே எனக்குப் பிரஷர் ஏறும். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கசிகிற வாடை வருகிறது என்று கத்தி எங்கள் தெருவையே காலி செய்தேன். கைக்குழந்தையோடு வெளியே ஓடிவந்த எதிர்வீட்டுக்காரம்மா, தன் வீட்டில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். இந்த மாதிரிக் கதைகளை அடுத்தவன் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவேன். அப்படியே பழகிப் பழகி, ஊரில் நான் வாயைத் திறந்தாலே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எனக்கு ஒரு சிநேகிதன். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. சிங்கவரத்துக்காரன். திருவண்ணாமலை ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். டிராக்டர், லோடு வண்டி, லாரி, எது வந்தாலும் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். அரை நிமிஷம். "மூணாவது நாசில்" என்பான். பிரித்துப் பார்த்தால் டீசல் பீய்ச்சுகிற அந்த மூணாவது நாசில்தான் போயிருக்கும். ஒரு வண்டிக்கு அவன் கை வைத்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். முப்பது வருஷம் அவன் சேர்த்த ஆஸ்தி அந்த ஒன்றுதான்.

அவனுக்கு அந்த ஜெர்மன் கம்பெனி என்றால் உயிர். நான் கார் வாங்குவதற்கு ரொம்ப வருஷம் முன்னாலிருந்தே. அதன் ஒரு வண்டியைக்கூடத் தொட்டதில்லை, ஆனால் அதன் பூர்வோத்தரம் முழுக்கத் தெரியும். டீ குடிக்கப் போனால் ஆரம்பித்துவிடுவான்.

"மொதல் மொதல்ல அந்தக் காரு செஞ்சாரே, அவரு பயந்த ஆளுடா. உன்ன மாதிரி. வண்டிய ஷெட்டுலயே வெச்சித் தொடச்சினு இருந்தாரு. ஒருநாள் அவரு சம்சாரம் இன்னா பண்ணாங்க? புருசன் தூங்கி எழறதுக்குள்ள ரெண்டு பசங்களையும் ஏத்திக்கினு வண்டிய எடுத்துனு அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்க."

"கோச்சிக்கினு போனாங்களா?"

"நம்ம வூட்டுப் பொம்பளைங்க பஸ்ல போவாங்க. அந்தம்மா உலகத்துலயே ஒருத்தரும் ஓட்டாத தூரம் காரு ஓட்டினு போச்சி. வழியில பெட்ரோல் குழாய் அடச்சிக்கிச்சி. தொப்பில குத்தியிருந்த ஊசிய எடுத்துக் குத்தி விட்டுச்சி. பிரேக் கட்டை தேஞ்சிபோச்சி. செருப்பு தெக்கிறவர்கிட்ட நிறுத்தித் தோல் வெச்சி அடிச்சிக்கிச்சி. எண்ணெய் தீந்துபோனதுக்கு மருந்துக் கடையில வாங்கி ஊத்திக்கிச்சி. அந்தக் கம்பெனிக்கு இன்னிக்கி இருக்கிற பேரு யாரு சம்பாரிச்சது தெரியுமா? வண்டி நின்ன எடத்துல எறங்கி, இன்னா கோளாறுன்னு பாத்தாங்களே, அந்தம்மா சம்பாரிச்சது."

நல்லதை மட்டும் சொல்கிற ஆள் இல்லை அவன். உலகப் போர் நடந்த காலத்தில் அதே கம்பெனி, கைதிகளையும் வேற்று நாட்டிலிருந்து பிடித்துவந்தவர்களையும் வைத்து வதைத்து வேலை வாங்கியதையும் சொல்வான். "ரொம்ப வருஷம் வாயத் தொறக்கல. அப்பறம் படிச்சவங்கள வெச்சி, உள்ள இன்னா நடந்துச்சின்னு எழுதச் சொல்லி, அதைப் புஸ்தகமாவே வெளிய விட்டாங்க. லேட்டுதான். ஆனா ஒத்துக்கிட்டாங்க." இதைச் சொல்லும்போது மட்டும் டீயைக் கீழே வைத்துவிடுவான்.

நான் கார் வாங்கியபின் அவனுக்கு ஒருமுறைகூடச் சாவி கொடுக்கவில்லை. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டாடா?" என்று மூன்று நான்கு தடவை கேட்டான். டயரில் காற்று கம்மி, இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது, மச்சான் எடுத்துப்போகப் போகிறான் என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னேன். கையில் கிரீஸ் இருக்குமே, சீட்டில் ஒட்டுமே என்ற பயம். அப்புறம் அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

போன தை மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். பெண் திண்டிவனத்தில் நர்ஸ். மாப்பிள்ளை வீடும் அந்தப் பக்கம்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன் நாலு நெல் அறுப்பு மிஷின் வைத்திருப்பவர். சம்பந்தம் பேச வந்தபோதே, "கல்யாணம் முடியட்டும் மச்சான், நம்ம மிஷின் நாலும் இனிமே உங்க ஷெட்டுலதான்" என்று சொல்லியிருந்தார். நாலு மிஷின் வேலை என்றால் அறுவடைக் காலம் முழுக்கக் கவலையே இல்லை. அவர் பார்த்து இன்னும் பத்துப் பேரை அனுப்புவார். என் சிநேகிதன் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த முள்ளை வெட்டிவிட்டு, மிஷின் நுழைகிற உயரத்துக்குத் தகரக் கொட்டகை போட்டுவிட்டான்.

மாப்பிள்ளை அழைப்புக்கு என் காரைக் கேட்டான். "நீயே ஓட்டுடா. எனுக்குச் சாவி வேணாம்" என்றான். அந்தக் கடைசி வார்த்தை இப்போதுதான் குத்துகிறது. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

அழைப்பு நாள் காலையில் அவனே வந்து காரைக் கழுவினான். கழுவி முடித்ததும், "ஒருவாட்டி உள்ள பாத்துக்கவா?" என்று கேட்டு பானட்டைத் தூக்கினான். மேலே மூடியிருந்த பிளாஸ்டிக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் கர்ப்பகிரகத்தைப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தான். எதையும் தொடவில்லை. பிறகு இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தி மூடினான்.

நான் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தேன். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம்தான். ஒரு பொட்டு போதும். நான் முன்னால் இருக்கும் கம்பெனிச் சின்னத்தின்மேல் வடை தட்டுவது மாதிரி தட்டி அப்பினேன். நடுவில் குங்குமம், சுற்றிலும் மல்லிகைச் சரம்.

"டேய், அந்த எடத்துல அவ்ளோ வேணாம்" என்றான் அவன். "இந்த வண்டிக்கு அங்கதான் கண்ணு. பின்னால ஏதோ சென்சார் வெச்சிக்கிறாங்க. லேசா தொடச்சி உடு."

"உனுக்கு வயித்தெரிச்சல்" என்றேன். சிரித்தான்.

சாயந்தரம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம். என் காரின் கூரைக் கண்ணாடியைத் திறந்துவிட்டிருந்தேன். மாப்பிள்ளை கோட்டு சூட்டும் மாலையுமாக அதன் வழியாக இடுப்புவரை வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டு வந்தார். கடைவீதியில் பஸ் எல்லாம் நின்று வழிவிட்டது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ராஜகிரிக் கோட்டையை ஆண்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஊர்வலம் மண்டபத்தை நெருங்குகிற சமயம், டிங் என்று ஒரு சத்தம். எதிரே டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு முக்கோணம். அதற்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். ஆனால் அந்த இரண்டு வரியில் பிரேக் என்ற ஒரே ஒரு சொல்தான் என் கண்ணில் பட்டது. மிச்சத்தைப் படிக்க எனக்கு எங்கே நேரம், நான் அதற்குள் செத்துப்போய்விட்டேன்.

பிரேக் இல்லை என்று முடிவுகட்டி, பிரேக்கை மிதித்தேன். வண்டி நச்சென்று நின்றது. பிரேக் பிடித்தது என்பதே அது சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அந்த அளவுக்கு யோசிக்கிற மூளை எனக்கு முன்னாலேயே இறங்கி ஓடிவிட்டது. நானும் கதவைத் திறந்து குதித்து, "எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க, வண்டி தீப் புடிச்சிக்கப் போவுது" என்று கத்தினேன். பேண்டுக்காரர்கள் டிரம்மைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மாப்பிள்ளைக்கு உள்ளே இறங்கி வரத் தோன்றவில்லை. மேலே ஏறி, கூரையில் உட்கார்ந்து, முன் கண்ணாடி வழியாகச் சறுக்கிக்கொண்டு பானட்டில் வந்து விழுந்தார். கோட்டு தையல் விட்டது. மாலை வைப்பரில் மாட்டிக்கொண்டது.

ஒன்றும் பிடித்துக்கொள்ளவில்லை. கார் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. சனம் மெல்லத் திரும்பிவந்து என்னைப் பார்த்தது.

இந்த இடத்தில் நான் ஒரு ஜோக் அடித்திருக்கலாம். பலாப்பழத்துக்கு அடித்த மாதிரி. தாய்மாமன் நேராக என்னிடம் வந்து, "இன்னா ஆச்சி வண்டிக்கு?" என்று கேட்டார். என் வாய் அதுவாகத் திறந்துகொண்டது.

"காலையில இவன்தாங்க பானட்டத் தொறந்து இன்னாமோ பண்ணினு இருந்தான்."

என் சிநேகிதன் பூத்தட்டோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். பிறகு வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தான். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. தட்டைப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தாய்மாமன் எதிரே போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என் தப்புதான் மச்சான். மனசுல வெச்சிக்காதீங்க."

மாப்பிள்ளை நடந்தே மண்டபத்துக்குப் போனார். மறுநாள் முகூர்த்தம் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் பந்தியில் தாய்மாமன் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. "தன் பொண்ணு கல்யாணத்து வண்டியவே ஒழுங்கா பாக்கத் தெரியல. இவுரு நம்ம மிஷினப் பாக்கப் போறாரா?" கூட இருந்தவர்கள் சாம்பார் ஊற்றிக்கொண்டே தலையாட்டினார்கள்.

அந்த வாரமே புதுச்சேரி சர்வீஸுக்குக் காரைக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் முன்னால் குனிந்து பார்த்தார். ஈரத்துணியால் சின்னத்தைத் துடைத்தார். முக்கோணம் போய்விட்டது.

"அவ்ளோதானா?" என்றேன்.

"எதிர்ல எதுனா வந்தா தானா பிரேக் போட்ற சென்சார் சார் இது. கண்ண மறச்சா எதிர்ல இருக்கிறது தெரியலன்னு சொல்லுது. நல்ல வண்டி சார், தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடும். சாமி கும்பிடுங்க, வேணாங்கல. பொட்டு மட்டும் தள்ளி வைங்க."

திரும்பிவரும் வழியில் கூட்டேரிப்பட்டில் நிறுத்தி டீ குடித்தேன். ஊருக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். போனேன். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். ஏழு மாதம் மறுநாளாகவே போயிற்று. இடையில் லோடு வண்டிக்காரர்கள் இரண்டு பேர் அவனை விட்டுவிட்டு பைபாஸ் பக்கம் வேறு ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். அறுப்பு மிஷின் ஒன்றும் வரவில்லை.

ஆவணியில் ஒருநாள் மதியம் அவன் ஷெட்டுக்குப் போனேன். டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். அவன் கால் மட்டும் தெரிந்தது. முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. காலிடமே சொன்னேன்.

"சந்தனம்டா. அன்னிக்கி வண்டி அதனாலதான்."

"தெரியும். அன்னிக்கே பாத்தேன்."

"அப்பறம் ஏன்டா உன் தப்புன்ன?"

ஸ்பேனர் சுற்றும் சத்தம் நின்றது. "மாப்ள வூட்டார் எதிர்ல, வெச்ச சந்தனத்தாலதான் வண்டி நின்னுச்சின்னு எப்பிட்றா சொல்றது? நாளைக்கி அவங்க வூட்ல ஒரு டம்ளர் கீழ விழுந்தாகூட, கல்யாணத்துக்கு வெச்ச சந்தனமே சரியில்லன்னு என் பொண்ண குத்தமா பாப்பாங்க. ஸ்பேனர்மேல போட்டா என்னோட போச்சி." மறுபடி ஸ்பேனரைச் சுற்றிக்கொண்டே, "நீ எதுவும் சொல்லாம இருந்திருக்கலாம். பயந்துட்டேன்னு சொல்லியிருந்தாகூட போதும். ஊருக்கே தெரியுமே, நீ பயப்புடுவன்னு" என்றான்.

அன்று சாயந்தரமே டீக்கடையில் நின்று எல்லாரும் கேட்கிறபடி சொன்னேன். சென்சார், சந்தனம், நான் சொன்ன பொய், எல்லாம். டிங் என்று சத்தம் வந்ததைச் சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஐயய்யோ, சந்தனம் வெச்சா காரு நிக்குமாம்" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

தாய்மாமனுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். "சின்ன வயசு சிநேகிதம் இல்லையா, நீங்க இப்டிதான் சொல்லுவீங்க. அவுருக்கோசரம் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க பாருங்க, அதான் பெரிய மனசு" என்றார். இன்னொரு தடவை விளக்கினேன். அவர் குரலில் என்மேல் மரியாதை கூடிக்கொண்டேதான் போயிற்று.

இந்த வாரம் தொண்டூர்ப் பக்கம் அறுவடை. நேற்று மண்டிக்குப் போகும்போது அந்த நாலு மிஷின்களில் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் எங்கேயோ பெல்ட் உரசுகிற சத்தம். எனக்கே கேட்டது. மிஷின் ஷெட்டைத் தாண்டும்போது என் சிநேகிதன் வேலையை நிறுத்தி, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். மிஷின் நிற்காமல் போயிற்று. அவன் திரும்பித் தன் டிராக்டரிடம் போனான். மிஷினுக்குப் பின்னால் காரில் உட்கார்ந்திருந்த நான், அவன் பார்த்துவிடப்போகிறானே என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.