அம்மாவின் கைக்கு ஏற்ற கருவி

தேனி கடைத்தெருவில் இருந்த அந்த இரும்புக்கடைக்குள் நுழைந்தால் மெஷின் எண்ணெய் வாசமும் பக்கத்து மண்டியின் ஏலக்காய் வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். வெளியே ஆடிச் சாரல் தூறிக்கொண்டிருக்க, உள்ளே குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே லேசாக மிதப்பதுபோல் தோன்றும். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், நனைந்த குடையை மடக்கிப் பிடித்தபடி அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். மேகமலைத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் ‘லைன் வீடு’ ஒன்றில் பிறந்தவள். எட்டு வீடுகள் ஒட்டி நின்ற அந்த வரிசையை இடிக்கப்போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து, அதைப் போலவே சின்னதாக ஒன்று செய்ய திராட்சைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்துவந்தாள். ஆனால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முறிந்த வலது மணிக்கட்டு கூடிய பிறகும் நடுக்கம் விடவில்லை; கத்தி இரண்டு முறை விரலில் இறங்கியது. “விட்டுரு, போட்டோ எடுத்து மாட்டிக்கிருவோம்” என்றார் அப்பா. அம்மா விடவில்லை. மறுநாள் கடைக்கு வந்துவிட்டோம்.

கடைக்காரர் பெரிய ரோட்டரி டூல் ஒன்றை எடுத்து வைத்தார். “பவர் கூட, டீச்சர். அறுக்க, துளைக்க, தேய்க்க இது ஒண்ணு போதும்.”

அம்மா தூக்கியதுமே அதன் மூக்கு ஆடியது. “வேகத்தக் குறைக்க முடியுமா அண்ணாச்சி? பலகை மெல்லிசு, கருகிரும்.”

அடுத்து எடுத்த சிறியதும் அவள் கையில் நிற்கவில்லை. கல்லாவில் இருந்த அவர் மனைவி கணவரைப் பார்த்து, “பவரு பவருன்னுக்கிட்டு! டீச்சருக்குக் கை நடுங்குதுல்ல? நகைவேலக்காரக வாங்கிட்டுப் போவாகளே, அங்கன மேல்தட்டுல இருக்கு, அத எடுங்க” என்றார்.

அதில் மோட்டார் கொக்கியில் தொங்கியது. அதிலிருந்து வளைந்து வந்த குழலின் முனையை மட்டும் பேனாவைப்போல் பிடித்தால் போதும், வேகத்தைக் கீழே மிதியில் வைத்த கால் பார்த்துக்கொள்ளும். அம்மா முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டுப் பலகையில் பொம்மை வீட்டு ஜன்னலளவு சதுரம் அறுத்தாள். கோடு கோணவில்லை. அந்தச் சதுரத்தின் வழியாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

குழலில் மாட்டும் முனைகள், நூறு பிட்டுகள் அடங்கிய பெட்டியைத் தள்ளிவிட்டு, ஊசிபோன்ற இரண்டு துளைப்பான்கள், தகரக் கூரை அறுக்க மெல்லிய வட்டத் தகடுகள், ஓர் உரசுதாள் உருளை, கண்ணுக்குக் கண்ணாடி என்று வேண்டியதை மட்டும் எடுத்தாள். “தகடு லேசுல ஒடையும், நாலு சேத்து வச்சுக்கங்க” என்றார் கடைக்காரரின் மனைவி.

மழைக்காலம் முழுக்க வீட்டில் மரத்தூள் பறந்தது. ஏழு வீடுகளுக்குக் கதவு வைத்தவள், கடைசி வீட்டு வாசலில் சாக்குத் துணுக்கு ஒன்றை ஒட்டினாள். நீலக் கதவு வைத்த வீட்டில் பிறந்ததாக எங்களிடம் எப்போதும் சொல்லிவந்தவள் அவள்.

“நம்ம வீட்டு நீலக் கதவு எங்கேம்மா?”

“அது பக்கத்து வீட்டுக்காரகளுதுடி. எங்களுக்கு ஏது கதவு? சாக்குத்தேன் தொங்கும்.” பசை காயும்வரை அவள் விரலை எடுக்கவில்லை. நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

இன்று அந்த வரிசை நின்ற இடத்தில் தேயிலைச் செடிகள் இருக்கின்றன. அந்த இரும்புக்கடை செல்போன் கடையாகிவிட்டது. கருவிகளைக் கையில் தூக்கிப் பார்க்காமல் படம் பார்த்தே வாங்கிவிடுகிறோம். அம்மாவும் இல்லை. போன வாரம் என் மகள், அம்மா செய்த வரிசையை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “பொம்மைங்கிறதாலதான் ரூம் இம்புட்டுச் சின்னதா இருக்காம்மா?” என்று கேட்டாள்.

“இல்லடா,” என்றேன், “வீடே அம்புட்டுத்தான்.”